தலை குனிந்தால் கழுத்துக்கு ஆபத்து: அமெரிக்கன் ஃபுட்பால் டேக்கிள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் ஆகஸ்ட் பிறந்தால் போதும், வெயில் கொளுத்தினாலும் பள்ளி மைதானங்களில் ஃபுட்பால் பயிற்சி தொடங்கிவிடும். இங்கே வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை வருகிறது. பிள்ளை வந்து படிவத்தை நீட்டியதும் பெற்றோர்கள் தொலைபேசியை எடுக்கிறார்கள். அவர்களிடமிருந்து திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்ட வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்ல. இந்த ஆட்டத்தை நீண்டகாலமாகப் பார்த்தும் படித்தும் வரும் ஒரு தகப்பன். மருத்துவ முடிவுகளுக்கு உங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

டேக்கிள்னா என்ன? எதுக்கு ஆளைப் பிடிச்சுக் கீழே தள்ளணும்?

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். பந்தோடு ஓடுபவரைத் தரையில் வீழ்த்தினால் அந்த வாய்ப்பு அங்கேயே முடிந்துவிடும். அப்படி வீழ்த்துவதுதான் டேக்கிள். ஆட்டத்தின் உயிரே அதில் இருப்பதால், அதை எடுத்துவிட்டு இந்த ஆட்டத்தை ஆட முடியாது. இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவி ஆட்டத்தை நிறுத்தும் ஃப்ளாக் ஃபுட்பால் என்ற தனி வடிவம் உண்டு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அதுவும் இடம்பெறுகிறது.

எல்லாமே முரட்டுத்தனமாத்தான் இருக்கு. இதுல ஆபத்தான டேக்கிள்னு தனியா எதைச் சொல்றீங்க?

பார்வைக்குப் பயங்கரமாக இருக்கும் பல மோதல்களில் இருவருமே எழுந்து நடந்துவிடுவார்கள். சாதாரணமாகத் தெரியும் ஒரு மோதலில் ஒரு பையன் வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலிக்குப் போய்விடக்கூடும். எனவே சத்தத்தை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். தலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

தலையைக் குனிந்து, ஹெல்மெட்டின் உச்சியால் எதிராளியை முட்டுவதற்கு ஸ்பியரிங் என்று பெயர். கழுத்தையும் தண்டுவடத்தையும் குலைப்பது பெரும்பாலும் இதுதான். பின்காலரைப் பிடித்து இழுப்பது, இடுப்பைப் பிடித்துத் தொங்கிக் கால்மேல் விழுவது, முட்டியைக் குறிவைப்பது ஆகியவையும் மோசமானவை. ஆனால் அவை பெரும்பாலும் காலை உடைப்பவை. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தலையைக் குனிஞ்சா கழுத்துக்கு அப்படி என்ன ஆயிடும்?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நிமிர்ந்து நிற்கும்போது கழுத்தெலும்புகள் முன்பக்கமாக லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு இருப்பதால், தலையில் அடி விழுந்தாலும் கழுத்து கொஞ்சம் வளைந்துகொடுக்கும். தசைகளும் சவ்வுகளும் அடியின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும்.

தலையைச் சுமார் 30 பாகை குனிந்தால் அந்த வளைவு போய்விடும். ஏழு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் நின்றுவிடும். அந்த நிலையில் உச்சந்தலை எதிராளியின் மீது மோதி நிற்கிறது. பின்னால் வரும் உடம்போ நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. நின்றுபோன தலைக்கும் வந்துகொண்டிருக்கும் உடம்புக்கும் நடுவே கழுத்து நசுங்குகிறது. அடியை வாங்கிக்கொள்ள வளைவு இல்லாததால் எலும்பு நொறுங்கும், அல்லது இடம் பெயர்ந்து உள்ளே ஓடும் தண்டுவடத்தை நசுக்கும். நொடியில் சிறு பங்குக்குள் இதெல்லாம் முடிந்துவிடும்.

பெரும்பாலும் கழுத்தின் நடுப்பகுதி எலும்புகளில்தான் இது நேர்கிறது. மூச்சுவிட உதவும் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு மூன்று, நான்கு, ஐந்தாம் கழுத்து நரம்புகளிலிருந்து கிளம்புகிறது. அதனால்தான் கை, கால் செயலிழப்பதோடு மூச்சுவிடவும் கருவி தேவைப்படும் நிலை சிலருக்கு வருகிறது.

ஹெல்மெட் போட்டுட்டுத்தானே ஆடறாங்க? அப்புறம் எப்படிக் கழுத்து உடையுது?

ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். கழுத்துக்கு அது ஒன்றும் செய்யாது. மேலே சொன்ன நசுக்கலில் தலை நின்றுவிடுகிறதே, அதை எந்த ஹெல்மெட்டாலும் தடுக்க முடியாது.

சொல்லப்போனால் நல்ல ஹெல்மெட் வந்த பிறகுதான் இந்தச் சிக்கல் பெரிதாகியது. தோல் தொப்பி போட்டு ஆடிய காலத்தில் எவரும் தலையால் முட்டத் துணியமாட்டார்கள். 1939 வாக்கில் கடினப் பிளாஸ்டிக் ஹெல்மெட் வந்தது. 1950களில் முகத்துக்கு முன் கம்பியும் பரவலானது. மூக்கு உடையும், பல் போகும் என்ற பயம் போனது. பயிற்சியாளர்களே "ஹெல்மெட்டை அவன் சட்டை எண்ணில் வை" என்று கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். 1968 என்ற ஒரே ஆண்டில் ஆட்ட மோதலால் நேரடியாக இறந்தவர்கள் 36 பேர். பெரும்பாலும் தலை, கழுத்துக் காயங்கள். பாதுகாப்புக்கு வந்த பொருளை ஆயுதமாக்கியதுதான் அந்தத் தலைமுறை செய்த தவறு.

விதியை மாத்தினா மட்டும் அடி குறைஞ்சிடுமா? எவன் கேட்பான்?

குறைந்தது. இந்த விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தருவதும் இதுதான். பிலடெல்பியாவைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஜோசப் டோர்க், கழுத்துக் காயங்களின் பதிவேடு ஒன்றைத் தொடங்கி, ஆட்டப் படச்சுருள்களையும் எக்ஸ்ரேக்களையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். அதுவரை, ஹெல்மெட்டின் பின்விளிம்பு கழுத்தில் வெட்டுவதுதான் காரணம் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது இல்லை, உச்சந்தலையால் மோதுவதுதான் காரணம் என்று அவர் காட்டினார்.

1976-ல் கல்லூரி, உயர்நிலைப் பள்ளி விதிகள் இரண்டுமே தலையால் முதலில் மோதி டேக்கிள் செய்வதைத் தடைசெய்தன. அவர் பதிவேட்டின்படி அந்த ஆண்டு கழுத்து முறிந்து கைகால் நிரந்தரமாகச் செயலிழந்தவர்கள் 34 பேர். அடுத்த ஆண்டு 18. 1984-ல் 5. ஹெல்மெட்டுக்கான தரக்கட்டுப்பாடும் அதே காலத்தில் வந்தது, மண்டைக் காயங்கள் குறைந்ததில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் கழுத்துக் காயம் குறைந்ததற்கு விதியும் பயிற்சி முறையும் மாறியதுதான் காரணம். 1990-ல் நேரடி மோதலால் ஒருவர்கூட இறக்கவில்லை.

அதற்கு வெகுகாலம் முன்பே ஓர் உதாரணம் உண்டு. ஆட்டக்காரர்கள் பலர் இறந்துகொண்டிருந்த நிலையில், 1905-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டே பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி வந்தது. கும்பலாகச் சேர்ந்து இடிக்கும் ஆட்டம் அதன்பின் மெல்ல விரிந்து பரவியது.

அடி வாங்குறவனுக்குத்தானே ஆபத்து? அடிக்கிறவனுக்கு என்ன ஆகப்போகுது?

பெற்றோர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் புரிந்துவைத்திருப்பது இதைத்தான். கழுத்து விஷயத்தில் டேக்கிள் செய்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். குனிவது அவர் தலைதானே.

மார்க் புவோனிகான்டி, தி சிட்டடல் கல்லூரி ஆட்டக்காரர். 1985 அக்டோபரில் ஒரு டேக்கிளில் கழுத்து முறிந்து கைகால் செயலிழந்தார். அப்போது வயது 19. மயாமி டால்ஃபின்ஸ் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரரான அவர் தந்தை நிக், முடக்கவாத ஆராய்ச்சிக்கு மயாமியில் ஓர் அமைப்பையே தொடங்கினார். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் எரிக் லெக்ராண்ட், 2010 அக்டோபரில் ஆர்மி அணியோடு ஆடியபோது டேக்கிள் செய்யப்போய்த் தண்டுவடம் சிதைந்து விழுந்தார். பஃபலோ பில்ஸின் கெவின் எவரெட் 2007-ல், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ரயன் ஷேசியர் 2017 டிசம்பரில். எல்லோருமே டேக்கிள் செய்தவர்கள்தான். எவரெட்டும் ஷேசியரும் மீண்டும் நடந்தார்கள், ஆனால் ஆட்டத்துக்குத் திரும்ப முடியவில்லை. ஷேசியர் விழுந்த சில மாதங்களிலேயே, 2018 மார்ச்சில், தலையைக் குனிந்து ஹெல்மெட்டால் யார்மீது மோதினாலும் குற்றம் என்று தொழில்முறை லீகான என்.எஃப்.எல். விதி கொண்டுவந்தது.

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. 1978 ஆகஸ்டில் ஓக்லண்டில் ஒரு பயிற்சி ஆட்டம். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் டாரில் ஸ்டிங்லி பந்தைப் பிடிக்கத் தாவியபோது ஜாக் டேட்டம் மோதினார். ஸ்டிங்லி அதன்பின் எழவே இல்லை. 2007-ல் இறக்கும்வரை சக்கர நாற்காலிதான். அந்த மோதலுக்கு நடுவர் அபராதம்கூடக் கொடுக்கவில்லை, அன்றைய விதிப்படி அது சரியான ஆட்டம். இன்று அப்படித் தாவியிருப்பவரைத் தற்காத்துக்கொள்ள முடியாதவர் என்று விதி தனியாகப் பாதுகாக்கிறது.

கிக்ஆஃப்தான் ரொம்ப ஆபத்துன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். ஒரு அணி பந்தை உதைத்து மற்ற அணியிடம் அனுப்பி ஆட்டத்தைத் தொடங்குவதுதான் கிக்ஆஃப். எவரெட், லெக்ராண்ட் இருவருமே விழுந்தது கிக்ஆஃபில்தான். இரண்டு பக்கமும் வெகுதூரம் முழுவேகத்தில் ஓடிவந்து எதிரெதிராக மோதும் கட்டம் அது. வேகம் கூடக்கூட மேலே சொன்ன நசுக்கலும் கூடும்.

ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் 2016-ல் கிக்ஆஃப் கோட்டை ஐந்து யார்டு முன்னே நகர்த்தின. பந்து பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் போய்விடுவதால் திருப்பி ஓட வேண்டிய தேவை குறைந்தது. கிக்ஆஃபில் ஏற்படும் கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. என்.எஃப்.எல். 2024-ல் இரண்டு அணிகளையும் அருகருகே நிறுத்தி, பந்து விழும்வரை, உதைப்பவரையும் பந்தைத் திருப்பி ஓடுபவர்களையும் தவிர யாரும் நகரக் கூடாது என்று கிக்ஆஃபையே மாற்றி அமைத்தது.

சரி, ஒழுங்கான டேக்கிள் எப்படி இருக்கணும்? பார்த்தா எனக்கே தெரியணும்.

முதலில் கண். மோதும் நொடிவரை பையன் தான் மோதப்போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண் மேலே இருந்தால் முகம் மேலே இருக்கும், முகம் மேலே இருந்தால் கழுத்தின் வளைவு அப்படியே இருக்கும். வரிசையில் நின்று பார்க்கும் பெற்றோருக்கு ஒரே ஒரு அடையாளம் போதும்: மோதும்போது ஹெல்மெட்டின் உச்சி உங்களுக்குத் தெரிந்தால் தப்பு, முகக்கம்பி தெரிந்தால் சரி.

அப்புறம் உடம்பு. குனிவது முட்டியிலும் இடுப்பிலும் நடக்க வேண்டும், கழுத்தில் அல்ல. மோத வேண்டியது தோள். படும் இடம் ஓடுபவரின் தொடை அல்லது வயிற்றுப் பக்கம். கைகள் இரண்டும் சுற்றிப் பிடித்து இறுக்க வேண்டும், கால்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தலை ஓடுபவரின் பின்பக்கமாக, அவர் இடுப்பை ஒட்டிப் போக வேண்டும். ஓடுபவருக்கு முன்னால் குறுக்கே தலையை வைக்கச் சொல்லித்தான் பல காலம் கற்றுக்கொடுத்தார்கள். அதில் தலை நேராக ஓட்டப்பாதையில் மாட்டிக்கொள்கிறது. சியாட்டில் சீஹாக்ஸின் பயிற்சியாளர் பீட் கேரல் 2014-ல் ரக்பியிலிருந்து எடுத்த தோள் டேக்கிளைக் காணொளியாகவே வெளியிட்டார். தலையை எடுத்துவிட்டால் டேக்கிளில் பலம் போய்விடும் என்பவர்களுக்கு அந்தக் காணொளியைத்தான் காட்டுவேன். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அவர் அணி என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றிருந்தது.

ரக்பியில ஹெல்மெட்டே கிடையாது. இவங்களும் கழட்டிட்டா எல்லாம் சரியாயிடுமே?

ஓரளவு நியாயமான கேள்வி. ஹெல்மெட் தந்த தைரியம்தான் தலையால் முட்டும் பழக்கத்தை வளர்த்தது. ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றினால் மண்டையோட்டு முறிவும் மூளை ரத்தக்கசிவும் திரும்ப வரும். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்து இல்லாதவரையும் இடிக்கலாம். ஒவ்வொரு வாய்ப்புக்கும் ஆட்டம் நின்று, மறுபடி வேகமெடுத்து மோதுவார்கள். ரக்பியின் ஓட்டம் வேறு. அங்கேயும் கழுத்து முறிவு உண்டு, கன்கஷன் நிறைய உண்டு. ரக்பியிடமிருந்து எடுக்க வேண்டியது ஒன்றுதான்: கையால் சுற்றிப் பிடிக்காமல் வெறுமனே இடித்துத் தள்ளுவது அங்கே குற்றம். இங்கே அது இன்னும் கைதட்டல் வாங்குகிறது.

காலரைப் பிடிச்சு இழுக்கறது, இடுப்புல தொங்கறது, இதெல்லாம் ஏன் தடை பண்ணாங்க?

பின்னாலிருந்து ஷோல்டர் பேடின் உட்காலரைப் பிடித்து இழுத்தால் ஓடுபவர் பின்னோக்கி மடிந்து, தன் கால்மேலேயே விழுவார். 2004-ல் டல்லஸ் கவ்பாய்ஸின் ராய் வில்லியம்ஸ் இப்படி இழுத்ததில் டெரல் ஓவன்ஸின் கால் எலும்பு முறிந்தது. அந்தப் பருவத்தில் அதேபோல வேறு சிலருக்கும் அடிபட்டது. 2005-ல் என்.எஃப்.எல். தடை செய்தது. கல்லூரி, பள்ளி விதிகளும் பின்தொடர்ந்தன.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் திருப்பி, தன் எடையை ஓடுபவரின் காலின் பின்புறம் இறக்குவது ஹிப்-டிராப். 2023 நவம்பரில் பால்டிமோர் ரேவன்ஸின் மார்க் ஆண்ட்ரூஸுக்கு இப்படித்தான் கணுக்கால் போனது. 2024 மார்ச்சில் தடை வந்தது. தண்டனை 15 யார்டு. ஆட்டக்காரர் சங்கம் இதை எதிர்த்தது. ஓடும் ஆளைப் பின்னாலிருந்து பிடிக்கும்போது நொடியில் இதையெல்லாம் யோசிக்க முடியுமா, நடுவரால்தான் பார்க்க முடியுமா என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது, களத்தில் நடுவர் இதற்குக் குற்றம் என்று கொடி எறிவது அபூர்வம். இருந்தாலும் தடை சரி என்றே நினைக்கிறேன். தொழில்முறையில் தடை செய்ததைத்தான் பள்ளிப் பயிற்சியாளர்கள் கற்றுக்கொடுக்காமல் விடுவார்கள்.

தலையிலயும் கூடாது, முட்டியிலயும் கூடாதுன்னா பாவம் அவன் எங்கதான் பிடிப்பான்?

தோளுக்குக் கீழே, முட்டிக்கு மேலே. இடம் இருக்கிறது, ஆனால் நேரம் குறைவு. 2013 டிசம்பரில் கிளீவ்லண்டின் டி.ஜே. வார்டு, நியூ இங்கிலாந்தின் ராப் கிரான்கவ்ஸ்கியை முட்டியருகே தாக்கினார். கிரான்கவ்ஸ்கியின் முட்டித் தசைநார் கிழிந்து அந்தப் பருவம் முடிந்தது. மேலே அடித்தால் அபராதம் என்பதால் கீழே போனதாக வார்டு விளக்கினார். தலையைக் காக்கும் விதி முட்டியைப் பலிகொடுக்கிறதே என்று அப்போது பெரிய விவாதம்.

என் பார்வையில் முட்டி ஓராண்டில் சேரும், தண்டுவடம் சேராது. எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் எதை என்பதில் குழப்பம் வேண்டாம். ஆனால் அந்த நெருக்கடியே பெரும்பாலும், ஓடிவந்து அப்படியே இடித்துவிடலாம் என்று பழகியதால் வருவது. ஒரு அடி முன்பே வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் வந்து சுற்றிப் பிடிப்பவருக்கு இந்தச் சங்கடம் மிகவும் குறைவு.

ஓடுறவனே தலையைக் குனிஞ்சுக்கிட்டு இடிக்க வந்தா? அப்பவும் தப்பு டிஃபன்ஸ் மேலதானா?

விதிப்படி இல்லை. 2013-லேயே, திறந்தவெளியில் ஓடுபவர் ஹெல்மெட் உச்சியால் இடிப்பதை என்.எஃப்.எல். தடுத்தது. 2018 விதி எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் ஓடுபவர்மேல் நடுவர்கள் அதைப் பிரயோகிப்பது குறைவு. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். டேக்கிள் செய்பவர் வயிற்றைக் குறிவைத்து வருகிறார், கடைசி நொடியில் ஓடுபவர் குனிகிறார், இரண்டு ஹெல்மெட்டும் மோதுகின்றன. கழுத்து இருவருக்கும் ஒன்றுதான். உங்கள் பையன் ஓடும் இடத்தில் ஆடுகிறான் என்றால் இங்கே சொன்னதெல்லாம் அவனுக்கும் பொருந்தும்.

டாமர் ஹாம்லின் விழுந்தாரே, அதுவும் தப்பான டேக்கிளா?

இல்லை. 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் பஃபலோ பில்ஸ் ஆட்டக்காரரான அவர் செய்தது சாதாரண டேக்கிள். எதிராளியின் தோள் மார்பில் பட்டது, எழுந்து நின்றார், மறு கணம் சரிந்தார். இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட சிறு தருணத்தில் மார்பில் அடி விழுந்தால் இதயத்தின் தாளம் குலைந்து நின்றுவிடும். அதற்கு கமோஷியோ கார்டிஸ் என்று பெயர். மிக அரிதானது. நெஞ்சில் பந்து பட்டு பேஸ்பாலிலும் நடப்பதுண்டு.

அவரைப் பிழைக்கவைத்தது உடனடி மார்பழுத்தமும் இதய மின்னதிர்ச்சிக் கருவியும். அடுத்த பருவத்தில் மீண்டும் ஆடினார். நம் பள்ளி மைதானத்தில் அந்தக் கருவி எங்கே இருக்கிறது, பூட்டிய அறைக்குள்ளா, கைக்கெட்டும் இடத்திலா என்று கேட்டுவைப்பது அவசியம்.

கன்கஷன்னா மயங்கி விழணுமா? ஒரு வாரம் ஓய்வு எடுத்தா போதுமா?

மயங்க வேண்டியதில்லை. பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, அடுத்து என்ன ஆட்டம் என்பது மறந்துபோவது, நடையில் தள்ளாட்டம் எல்லாமே அறிகுறிகள்தான். நாள்கணக்கு வைத்து முடிவு செய்யக் கூடாது. அறிகுறிகள் நீங்கி, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டி, மருத்துவர் எழுதிக்கொடுத்த பிறகுதான் திரும்ப வேண்டும்.

முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கிவிடக்கூடும். வளரும் பிள்ளைகளுக்கு இது உயிராபத்து. வாஷிங்டன் மாநிலத்தில் 2006-ல் 13 வயது ஸாக்கரி லிஸ்டெட் தலையில் அடிபட்டும் அதே ஆட்டத்தில் திரும்ப இறக்கப்பட்டான். மூளையில் ரத்தம் கசிந்து, பேசவும் நடக்கவும் மறுபடி கற்க வேண்டியதாயிற்று. 2009-ல் அவன் பெயரிலேயே சட்டம் வந்தது: சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் திரும்பக் கூடாது. 2014-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் கன்கஷன் சட்டம் வந்துவிட்டது. "ஒண்ணுமில்லப்பா, நல்லா இருக்கேன்" என்று பையன் சொல்வதை அன்று மட்டும் நம்பாதீர்கள்.

111 பேர் மூளையில 110 பேருக்கு நோய்னு படிச்சேன். அப்போ ஆடினா எல்லாருக்கும் வருமா?

அந்த எண் உண்மை, ஆனால் அதன் பொருள் அதுவல்ல. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மெக்கீ குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வு அது; அந்த 111 பேரும் என்.எஃப்.எல்.-இல் ஆடியவர்கள். இறந்தபின் குடும்பத்தார் தானமாகக் கொடுத்த மூளைகளைப் பார்த்தார்கள். நடத்தையிலோ நினைவிலோ மாற்றம் கண்டு கவலைப்பட்ட குடும்பங்களே அதிகம் கொடுத்திருக்கும். எனவே ஆடிய எல்லோருக்கும் அதே விகிதம் என்று சொல்ல முடியாது. அதே ஆய்வில், உயர்நிலைப் பள்ளியோடு நிறுத்தியவர்கள் 14 பேரில் 3 பேருக்கும், கல்லூரிவரை ஆடியவர்கள் 53 பேரில் 48 பேருக்கும் சி.டி.இ. என்ற அந்த மூளைச் சிதைவு இருந்தது. எத்தனை ஆண்டு ஆடினார் என்பது முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது.

உயிரோடு இருக்கும்போது இதை உறுதியாகக் கண்டறியும் சோதனை இல்லை. பிட்ஸ்பர்க்கின் மைக் வெப்ஸ்டர் 2002-ல் இறந்த பிறகு, மருத்துவர் பென்னட் ஒமாலு அவர் மூளையில் இதைக் கண்டு 2005-ல் எழுதினார். என்.எஃப்.எல். அதிகாரி ஒருவர் ஆட்டத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2016 ஆகிவிட்டது. மேலே சொன்ன நிக் புவோனிகான்டியும் முதுமையில் நினைவு குலைந்து, 2017-ல் தன் மூளையை ஆய்வுக்குத் தருவதாக அறிவித்து, 2019-ல் இறந்தார். மகனுக்குக் கழுத்து, தகப்பனுக்கு மூளை. ஒரே குடும்பம் இரண்டையும் பட்டது.

என் பையன் லைன்மேன். டேக்கிளே அதிகம் பண்ண மாட்டான். அப்போ பயமில்லையே?

லைன்மேன் என்றால் முன்வரிசையில் எதிராளியோடு நேருக்கு நேர் நின்று தள்ளி மறிப்பவர். கழுத்து முறிவைப் பொறுத்தவரை ஆபத்து குறைவுதான், குறுகிய தூரத்தில் வேகம் அதிகம் ஏறாது என்பதால். மூளையைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல மாட்டேன். லைன்மேன்கள் கிட்டத்தட்ட ஒவ்வொரு வாய்ப்பின்போதும் தலையில் சிறு சிறு அடி வாங்குகிறார்கள். அறிகுறி எதுவும் இருக்காது, யாரும் கணக்கு வைக்க மாட்டார்கள். வெப்ஸ்டரும் லைன்மேன்தான். கைகளால் தள்ளி ஆடுகிறானா, தலையைக் கொடுத்து ஆடுகிறானா என்று பாருங்கள்.

மோதினதும் கை மரத்துப்போய் மின்சாரம் பாஞ்ச மாதிரி இருக்குங்கறான். பெரிய விஷயமா?

ஒரு கையில் மட்டும் எரிச்சலும் மரப்பும் வந்து, சில நிமிடங்களில் போய்விட்டால் அது பெரும்பாலும் ஸ்டிங்கர். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை இழுபட்டோ நசுங்கியோ வருவது. அப்போதும் பலம் முழுக்கத் திரும்பும்வரை ஆடக் கூடாது, அடிக்கடி வந்தால் கழுத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

இரண்டு கையிலும் வந்தாலோ, கையோடு காலிலும் வந்தாலோ ஸ்டிங்கர் என்று விடாதீர்கள். அது தண்டுவடமே அடிபட்ட அறிகுறியாக இருக்கலாம். கழுத்தை அசைக்காமல் உடனே அவசர சிகிச்சை.

பையன் அசையாம கிடந்தா ஓடிப்போய் ஹெல்மெட்டைக் கழட்டிடலாமா?

கூடாது, தொடவே கூடாது. ஷோல்டர் பேடை விட்டுவிட்டு ஹெல்மெட்டை மட்டும் எடுத்தால் தலை பின்னால் தொங்கி, முறிந்த கழுத்து இன்னும் விலகிவிடும். எடுத்தால் இரண்டையும், பயிற்சி பெற்றவர்கள் சேர்ந்து எடுக்க வேண்டும். மூச்சுக்கு வழி வேண்டுமென்றால் முகக்கம்பியை மட்டும் கழற்றுவார்கள். அம்மா அப்பாவுக்கு அந்த நேரத்தில் நிற்பது எவ்வளவு கொடுமை என்று தெரியும். ஆனாலும் அசைக்காமல் ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவதுதான் அவனுக்கு நாம் செய்யும் உதவி.

பயிற்சியில டேக்கிளைக் குறைச்சா ஆட்டத்துல தப்பா ஆட மாட்டானா?

பல பயிற்சியாளர்கள் பயந்தது இதற்குத்தான். டார்ட்மவுத் கல்லூரியின் பட்டி டீவன்ஸ் 2010-ல் பயிற்சியில் ஆள்மீது ஆள் டேக்கிள் செய்வதையே நிறுத்திவிட்டார். மெத்தைகளையும், பின்னர் தொலைவிலிருந்து இயக்கும் ஓடும் பொம்மையையும் வைத்துப் பழக்கினார். அணி மோசமாகவில்லை, 2015-ல் ஐவி லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. 2016-ல் ஐவி லீக் முழுவதும் பருவகாலப் பயிற்சியில் முழு டேக்கிளை விலக்கியது. டெக்சாஸ் பள்ளிகளுக்கான யு.ஐ.எல். அமைப்பும் 2013-ல் வாரத்துக்கு 90 நிமிடம் என்று வரம்பு வைத்தது. கழுத்தும் கண்ணும் சரியாக வைக்கும் பழக்கம் மெதுவான வேகத்தில் திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது. அதற்கு முழுமோதல் தேவையில்லை.

எந்த வயசுல டேக்கிள் ஆட விடலாம்?

இதில் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் ஒரு வயதைக் குறிப்பிடவில்லை. தலையால் மோதுவதைக் கொஞ்சமும் பொறுக்கக் கூடாது, டேக்கிள் இல்லாத அணிகள் பெருக வேண்டும் என்றது. தாமதமாகத் தொடங்கினால், உடம்பு பெருத்த பிறகு பழக்கமில்லாமல் மோதுவார்களே என்ற கவலையையும் எழுப்பியது. என் சொந்தக் கருத்து: சின்ன வயதில் ஃப்ளாக் ஆடட்டும். ஓட்டம், பிடிப்பு, பக்கவாட்டில் வந்து மறிப்பது எல்லாம் அதிலேயே வரும். டேக்கிள் உயர்நிலைப் பள்ளியில் போதும். மேலே சொன்ன ஆண்டுக்கணக்குதான் எனக்குக் காரணம்.

கோச்கிட்ட போய் என்ன கேட்கறது? அவர் தப்பா நினைச்சுக்க மாட்டாரா?

நல்ல பயிற்சியாளர் தப்பாக நினைக்க மாட்டார். டேக்கிள் பழக்கும் ஒரு நாளில் பார்க்க வரலாமா என்று கேளுங்கள். தலையால் முட்டியவனை என்ன செய்வார் என்று கேளுங்கள். வெளியே உட்காரவைத்துத் திருத்துகிறாரா, "சூப்பர் ஹிட்" என்று தட்டிக்கொடுக்கிறாரா? ஒவ்வொரு பயிற்சிக்கும், காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னர் இருக்கிறாரா, கன்கஷன் முடிவு அவர் கையிலா, பயிற்சியாளர் கையிலா என்பது அடுத்தது. அவசர நிலைத் திட்டம் எழுத்தில் இருக்கிறதா என்றும், ஆகஸ்ட் வெயிலில் தண்ணீர் இடைவேளையும் வெப்பத்தாக்குக்கு ஐஸ் தொட்டியும் உண்டா என்றும் கேளுங்கள். வெப்பத்தாக்கும் இந்த ஆட்டத்தில் உயிரைக் குடித்திருக்கிறது.

எல்லாம் சரி. நீங்களா இருந்தா கையெழுத்துப் போடுவீங்களா?

பயிற்சியை நேரில் பார்த்தபிறகு, ஆம். பையன்கள் முகக்கம்பி தெரிய மோதி, கையால் சுற்றிப் பிடிக்கிறார்கள், குனிந்தவனை உடனே நிறுத்தித் திருத்துகிறார்கள் என்றால் போடுவேன். அதோடு பையனிடமும் ஒரு வாக்குறுதி வாங்குவேன்: தலையில் அடிபட்டால் மறைக்காமல் அன்றே சொல்ல வேண்டும். உச்சந்தலையால் முட்டியதற்கு மைதானமே கைதட்டுவதைப் பார்த்தால் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பக்கத்தில் எந்தப் பள்ளியில் ஃப்ளாக் அணி இருக்கிறது என்று விசாரிப்பேன். பருவம் பாதி போன பிறகு அதைப் பார்த்தாலும் நிறுத்தத் தயங்க மாட்டேன்.